நாய்க் காப்பகத்துக்குச் சாமான் பட்டியல் போட்டுப் பெருக்கல் சொல்லித்தருகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் சொல்லித்தர நாய்க் காப்பகத்தை விட நல்ல கணக்கு கிடைப்பது கஷ்டம். நாய்க்குட்டி என்றாலே அவர்களுக்கு ஆசை. அதற்குச் சோறு எவ்வளவு, கிண்ணம் எத்தனை என்று கேட்டால் நோட்டை அவர்களே எடுத்து வருவார்கள். ஆனால் பெரியவர்கள் நாம் செய்யும் சில தவறுகளால் இதுவும் பரீட்சைக் கணக்காக மாறிவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, எதை எதால் பெருக்க வேண்டும் என்று நாமே எடுத்துக் கொடுத்துவிடுவது. "24 நாய், ஆளுக்கு 2 வேளை, பெருக்கு" என்றால் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை 48 என்று எழுதிவிட்டுப் போய்விடும். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. மாறாக, "24 நாய் இருக்கு, தினமும் ரெண்டு வேளை சோறு. ஒரு மாசத்துக்கு என்னென்ன வாங்கணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சில பிள்ளைகள் கிண்ணமும் 48 வேண்டும் என்பார்கள். உடனே தப்பு என்று சொல்லாதீர்கள். "காலையில சாப்பிட்ட கிண்ணத்தை என்ன பண்ணுவோம்?" என்று கேளுங்கள். "கழுவுவோம்" என்று சொல்லும்போதே பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும்: வேளை கூடினால் சோறு கூடும், கிண்ணம் கூடாது. போர்வையும் அப்படித்தான். 24-ஐ 30 நாளால் பெருக்கி 720 போர்வை யாரும் வாங்கமாட்டார்கள். எதைப் பெருக்கணும், எதை விட்டுவிடணும் என்று முடிவு செய்வதுதான் இங்கே உண்மையான பாடம்.

"மொத்தம் என்று வந்தால் பெருக்கு" போன்ற குறுக்குவழிகளையும் இதனால்தான் சொல்லித்தரக் கூடாது என்கிறேன். பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1970-களின் இறுதியில் சிறு பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: "ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?" 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் புத்தியில் குறையில்லை. கேள்வியில் எண் இருந்தால் விடை இருந்தே தீரும் என்று பழக்கிவிட்டிருந்தோம்.

அடுத்தது, எல்லா நாயையும் ஒரே அளவாக வைப்பது. ரெண்டு வேளைக்கும் சேர்த்து ஒரு நாளைக்குத் தலைக்கு 150 கிராம் அரிசி என்றால் கணக்கு சுலபம்தான், ஆனால் எந்தக் காப்பகத்திலும் அப்படி நடப்பதில்லை. பெரிய நாய் 10, தலைக்கு 200 கிராம். நடுத்தரம் 8, தலைக்கு 150. குட்டி 6, தலைக்கு 50 என்று பிரியுங்கள். (அளவுகள் கணக்குக்காக வைத்தவை, நிஜ அளவைக் காப்பகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.) 2000, 1200, 300. ஆக ஒரு நாளைக்கு 3500 கிராம். தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டும் இந்தப் பழக்கம், பிற்பாடு இரண்டு இலக்கப் பெருக்கலுக்கு அப்படியே கைகொடுக்கும்.

அப்புறம் 3500 × 30 என்று பலகையில் எழுதிப் பிள்ளையை மிரட்டாதீர்கள். சைபர்கள் வரிசையாக வந்தால் எங்கேயோ ஒன்று விழுந்துவிடும். 3500 கிராம் என்பது மூன்றரை கிலோ. ரெண்டு நாளைக்கு 7 கிலோ. 30 நாள் மாதத்தில் இப்படி ரெண்டு ரெண்டு நாளாக 15 தடவை வரும். பதினைந்தேழு 105 கிலோ. வாயாலேயே போடலாம்.

இனிக் கடைக்குப் போகணும். இங்கே பலரும் 105 கிலோ என்ற விடைக்கு டிக் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், ருசியான இடமே இதுதான். 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜிஎஸ்டி வந்த பிறகு 26 கிலோ மூட்டை பரவலாகிவிட்டது. நாலு மூட்டை வாங்கினால் 104 கிலோ. ஒரு கிலோ குறைகிறது! கிட்டத்தட்ட சரி என்று விடுவதா? ஐந்தாவது மூட்டை வாங்கி 25 கிலோவை அடுத்த மாதத்துக்கு வைப்பதா? வைக்க இடம் இருக்கிறதா, வண்டு விழாதா? ஒரு கிலோவைச் சில்லறையாக வாங்கினால் போதாதா? பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். காரணம் சொல்ல முடிந்தால் எந்த முடிவும் சரிதான்.

பூஜ்ஜியத்தை மறந்துவிடாதீர்கள். நம் வீட்டுச் சமையல் நினைப்பில் பிள்ளை பட்டியலில் வெங்காயம் சேர்க்கும். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும், வெந்தாலும் ஆகாது. தலைக்கு 0 கிராம், 24 நாய்க்கு எவ்வளவு? விதியாக ஒப்பிக்காமலே விளங்கிவிடும்.

"தப்பாப் போட்டா குட்டி பட்டினி கிடக்கும்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். இரக்கமுள்ள பிள்ளைக்கு அது பெரிய பாரம். அப்புறம் பென்சிலை எடுக்கவே பயப்படும்.

நிஜமாகவே சாமான் கொண்டுபோவதாக இருந்தால், முதலில் காப்பகத்துக்குப் போன் பண்ணுங்கள். அரிசி நிறைய இருக்கலாம், பழைய செய்தித்தாளும் துண்டும்தான் தேவைப்படலாம். நாய்களின் எண்ணிக்கையும் மாறியிருக்கும். குட்டி 6 இல்லை, 9 என்று சொன்னால், பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்து எந்தெந்த வரி மாறும் என்று கேளுங்கள்.