பைக், ஸ்கூட்டர் சாகசங்கள்: முன்சக்கரத்தைத் தூக்கும் முன் இறக்கப் பழகுங்கள்

வீலி, அதாவது முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் ஓட்டுவது, பழக விரும்பும் எவரும் முதலில் கேட்பது, முன்சக்கரத்தை எப்படித் தூக்குவது என்பதைத்தான். விழுந்து அடிபட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். தூக்கத் தெரியாமல் விழுந்தவரைக் காண்பது அரிது. தூக்கிய சக்கரத்தை இறக்கத் தெரியாமல் விழுந்தவர்களே மிகுதி. அமெரிக்க பைக் சாகச வீரர் ஈவில் நீவல் 1967 டிசம்பர் 31 அன்று லாஸ் வேகஸில் உள்ள சீசர்ஸ் பேலஸ் விடுதியின் நீரூற்றுகளுக்கு மேலே பாய்ந்தபோது நீரூற்றுகளைக் கடந்துவிட்டார். தரையிறங்கிய இடத்தில்தான் ஹேண்டில்பார் கையை விட்டுப் போய், இடுப்பெலும்பும் தொடையெலும்பும் நொறுங்கின. ஆகவே இந்த வழிகாட்டி, சாகசத்தின் இறங்கும் பாதியைப் பற்றியது: எது எங்கே பிசகுகிறது, பிசகும் நொடியில் என்ன செய்ய வேண்டும், பிசகிய பிறகு என்ன செய்ய வேண்டும்.

முதலில் வேகத்தைப் பற்றிய கணக்கு ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அசையாத பொருள் ஒன்றில் மோதுவது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 40 கிலோமீட்டரில் அது 6 மீட்டரைத் தாண்டுகிறது. 60 கிலோமீட்டரில் 14 மீட்டர் ஆகிறது. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காவதே இதற்குக் காரணம். 40 கிலோமீட்டரில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பயிற்சியை ஏன் முதல் கியரில், மெதுவான வேகத்தில் தொடங்கச் சொல்கிறார்கள் என்பது விளங்கும்.

இடத்தைப் பற்றி எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பொதுச் சாலை, அது நள்ளிரவில் வெறிச்சோடிக் கிடந்தாலும், பயிற்சிக்குரிய இடம் அன்று; அங்கே விழுபவர் தம்மோடு, இந்த ஆபத்துக்குச் சம்மதிக்காத ஒருவரையும் சேர்த்து வீழ்த்தக்கூடும். உரிமையாளரின் அனுமதி பெற்ற, மூடிய, சமதளமான தரை வேண்டும். மணல், சிந்திய எண்ணெய், ஈரம், வழவழப்பான வண்ணக்கோடுகள் ஆகியவை இல்லை என்பதை நடந்து பார்த்தே உறுதி செய்ய வேண்டும். கம்பம், தடுப்புச்சுவர், நடைமேடை விளிம்பு ஆகியவை ஓடுபாதையிலிருந்து வெகு தொலைவில் இருக்க வேண்டும், ஏனெனில் வழுக்கிச் செல்லும் உடலைத் தரை பெரும்பாலும் சிராய்க்கத்தான் செய்கிறது. எலும்பை முறிப்பது எதிரே நிற்கும் கம்பமே. கைப்பேசியில் படம் எடுப்பவர் வண்டிக்கு நேர் எதிரே நிற்பதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்: கவிழ்ந்த வண்டி ஆளை உதறிவிட்டு நேராக ஓடுவது அந்தத் திசையில்தான்.

இனி வீலிக்கு வருவோம். முன்சக்கரம் உயர உயர, வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்த எடையின் மையம் பின் அச்சுக்கு மேலே நகர்ந்துகொண்டே வருகிறது. அதனால் சக்கரத்தை மேலே வைத்திருக்கத் தேவையான விசை குறைந்துகொண்டே போய், சமநிலைப் புள்ளியில் ஏறத்தாழ இல்லாமலே ஆகிவிடுகிறது. அந்தப் புள்ளியைக் கடந்தால் வண்டியைப் பின்னோக்கி இழுப்பது இன்ஜின் அன்று, புவியீர்ப்பு. அப்போது ஆக்சிலரேட்டரை மூடினாலோ கிளட்ச்சைப் பிடித்தாலோ உந்துவிசை நிற்குமே தவிர, முன்சக்கரம் இறங்காது. அதை இறக்கும் ஒரே கருவி பின்பிரேக். பழகாதவருக்கு இதே நொடியில் இன்னொரு கேடும் நேர்கிறது: உடல் பின்னால் சரியும்போது கைகள் நீண்டு, பிடித்திருக்கும் ஆக்சிலரேட்டர் தானாகவே மேலும் திருகிக்கொள்கிறது. மூட வேண்டியதை உடலே திறந்துவிடுகிறது. இதைத் தடுக்க, தொடைகளால் டேங்க்கை இறுகப் பற்றி உடலை நிறுத்த வேண்டும். ஹேண்டில்பாரில் தொங்கக் கூடாது.

ஆகவே முதல் நாள் முழுவதும் சக்கரத்தைத் தூக்கவே வேண்டாம். வலது பாதம் எந்நேரமும் பின்பிரேக் மிதியின் மேல் மெல்லத் தொட்டபடி இருக்கும் பழக்கத்தை மட்டும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அடுத்த கட்டத்தில் முன்சக்கரத்தை ஒரு சாண் அளவே எழுப்பி, அது தானாகக் கீழே வரும் முன், ஒவ்வொரு முறையும் பின்பிரேக்கைத் தட்டி இறக்குங்கள். தேவையில்லாதபோதும் பிரேக்கால் இறக்குவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி. நூறு முறை இப்படி இறக்கிய பாதம், நூற்றொன்றாம் முறை மனம் அஞ்சி உறையும்போதும் தன் வேலையைச் செய்யும். இந்தக் கட்டத்தைச் சலிப்பென்று தாண்டியவர்கள் முதுகில் விழுவதைப் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சக்கரம் தரையைத் தொடும் கணத்தில் அது நேராக இருக்க வேண்டும், முன்பிரேக்கின் மேல் விரல் அழுத்தக் கூடாது. கோணலாக இறங்கும் சக்கரம் தரையைப் பற்றியவுடன் ஹேண்டில்பாரை இருபுறமும் வெறிபிடித்தாற்போல் உதறும். அப்போது இறுக்கிப் பிடித்து அடக்க முயன்றால் உதறல் பெரும்பாலும் கூடும். கைப்பிடியைத் தளர்த்தி, தொடைகளால் வண்டியைப் பற்றி, பிரேக்கைத் திடீரென அழுத்தாமல் வேகம் குறைய விடுவதே நல்லது. இறங்கும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முழுதாக மூடினால் முன்பக்கம் பொத்தென்று விழுந்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் ஓட்டுநரின் மணிக்கட்டும் அடிவாங்கும். சிறிதளவு திறந்தே வைத்து இறக்கினால் மெத்தென்று இறங்கும்.

நீண்ட வீலியில் மறைந்திருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. வண்டி செங்குத்தாக நிற்கும்போது இன்ஜின் ஆயில் பின்பக்கம் ஒதுங்கி, பம்ப்பின் உறிஞ்சுவாய் காற்றை இழுக்கத் தொடங்கலாம். உயவின்றி ஓடும் இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டால் பின்சக்கரமும் அதனுடன் பூட்டிக்கொள்ளும். ஆயில் அளவு குறைவாக உள்ள வண்டியில் இது விரைவில் நேரும். எனவே ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் ஆயிலைப் பார்ப்பது கட்டாயம்.

ஸ்கூட்டரைப் பைக்கின் எளிய வடிவம் என்று எண்ணி அதில் முதலில் பழகுபவர் பலர். இந்த எண்ணம் தவறானது. ஸ்கூட்டரில் இன்ஜின் பின்சக்கரத்தோடு ஒட்டியிருப்பதால் எடை ஏற்கெனவே பின்னால் குவிந்திருக்கிறது. சக்கரங்கள் 10 அல்லது 12 அங்குலமே என்பதால் சிறு குழியும் ஹேண்டிலைத் திருப்பிவிடும். தொடையால் பற்றுவதற்கு டேங்க் கிடையாது. கிளட்ச் தானியங்கி என்பதால் உந்துவிசையைச் சட்டென்று அறுக்கக் கையில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் விட முக்கியமானது, பல ஸ்கூட்டர்களில் இடக்கைப் பிரேக்கை அழுத்தினால் முன்பிரேக்கும் சேர்ந்து இயங்கும் கூட்டுப் பிரேக் அமைப்பு உள்ளது. சாலையில் இது உயிர் காக்கும் வசதி. முன்சக்கரம் காற்றில் இருக்கும்போதோ, இறக்குவதற்காக அழுத்திய பிரேக்கே அந்தச் சக்கரத்தின் சுழற்சியையும் நிறுத்தி, நின்றுபோன சக்கரமாகத் தரையில் இறக்கிவிடும். இத்தகைய ஸ்கூட்டரில் வீலி முயல வேண்டாம் என்பதே என் உறுதியான அறிவுரை. பின்னால் ஒருவரை அமர்த்திக்கொண்டு எந்த வண்டியிலும் முயலக் கூடாது.

ஸ்டாப்பியில், அதாவது முன்பிரேக்கால் பின்சக்கரத்தைத் தூக்குவதில், இரண்டு விதமாகத் தவறு நேர்கிறது. எடை முன்சக்கரத்துக்கு நகரும் முன்பே பிரேக்கைச் சட்டென்று பற்றினால் சக்கரம் பூட்டி வழுக்கி, வண்டி ஒருபுறமாகச் சாய்ந்து விழும். எடை வந்த பிறகும் பிடியைத் தளர்த்தாவிட்டால் ஓட்டுநர் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறியப்படுவார். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: முதலில் மெல்ல அழுத்தி முன் ஃபோர்க் அமுங்குவதை உணர வேண்டும், பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், பின்சக்கரம் எழுந்தவுடன் விரலைத் தளர்த்த வேண்டும். ஏபிஎஸ் இருப்பதால் கவிழ மாட்டோம் என்று நம்பிவிடாதீர்கள். அதன் அடிப்படை வேலை சக்கரம் பூட்டாமல் காப்பது. பின்சக்கரம் எழுவதை உணர்ந்து தடுக்கும் வசதி எல்லா வண்டிகளிலும் இல்லை. பர்ன்அவுட்டில், அதாவது முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழற்றுவதில், ஆபத்து பெரும்பாலும் முன்பிரேக்கின் பிடி நழுவுவதில் இருக்கிறது: முழு வேகத்தில் சுழலும் பின்சக்கரம் தரையைப் பற்றிய நொடியில் வண்டி முன்னே பாயும். சூடேறிய டயர் வெடிக்கலாம், செயின் அறுந்து சாட்டைபோல் வீசலாம் என்பதால் வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

பாதுகாப்பு உடைகளில் ஹெல்மெட் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதன் வாரைக் கட்டாமல் அணிவது பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் முதல் அடியிலேயே அது கழன்று ஓடிவிடும். கையுறையை அற்பமாக எண்ணாதீர்கள்: விழும் எவரும் கையை ஊன்றுவார், ஊன்றிய கையில் மணிக்கட்டின் படகெலும்பு முறிவது வழக்கம், அந்த எலும்பு குணமாக நீண்ட நாள் எடுத்துக்கொள்ளும். முதுகுக்கு ஈஎன் 1621-2 என்ற ஐரோப்பியத் தரத்துக்கு உட்பட்ட காப்பும், கணுக்காலை மூடும் பூட்ஸும் அணிய வேண்டும்.

விழுவது உறுதி என்று தெரிந்த நொடியில் வண்டியை விட்டுவிடுங்கள். அதைக் காப்பாற்றப் போராடுபவர்தான் அதற்கு அடியில் சிக்குகிறார். வீலி பின்னால் கவிழும்போது, வேகம் குறைவாக இருந்தால், ஹேண்டில்பாரை விட்டுக் கால்களால் பின்னே இறங்கி ஓட முடியும். மெதுவான வேகத்தில் பழகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தரையில் வழுக்கும்போது கைகளை மார்போடு சேர்த்து, முகவாயை மார்பில் பதித்துக்கொள்ளுங்கள். முழுதாக நின்றுவிட்டோம் என்பது உறுதியாகும் வரை எழ முயலாதீர்கள்.

அடிபட்டவர் அருகில் செல்பவர் முதலில் வண்டியின் இன்ஜினை அணைக்க வேண்டும். பெட்ரோல் கசிந்தால் தீப்பொறி எதுவும் அங்கே வரக் கூடாது. அசையாமல் கிடப்பவரைத் தூக்கி உட்கார வைப்பது, தண்ணீர் புகட்டுவது, காரில் மடித்துப் போட்டு ஓடுவது ஆகிய மூன்றும் பரிவினால் செய்யப்படும் கேடுகள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு அசைவு தண்டுவடத்தையே பாதிக்கக்கூடும். நன்றாக மூச்சு விடுகிறவரின் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். மூச்சு தடைப்பட்டால் மட்டும், ஒருவர் கழுத்தையும் தாடையையும் நேராகப் பிடித்திருக்க, மற்றவர் வாரை அவிழ்த்து ஹெல்மெட்டை விரித்து மெதுவாக எடுக்க வேண்டும். மூச்சே இல்லையென்றால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள். இரத்தம் பீறிட்டால் துணியை வைத்து நேரடியாக அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். சைலன்சர் சுட்ட இடத்தில் ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் விடுங்கள். பனிக்கட்டி, பற்பசை எதுவும் வேண்டாம்.

எழுந்து நடந்து, ஒன்றுமில்லை என்று சொல்பவரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். மூளையுறைக்கு வெளியே இரத்தம் கசியும்போது, இடையில் சில மணி நேரம் தெளிவாகப் பேசிவிட்டுப் பிறகு மயங்குவது உண்டு. கூடிவரும் தலைவலி, வாந்தி, குழறும் பேச்சு, தூக்கக் கலக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்கலாகாது. ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தியிருந்தால் வெளியே சிறு சிவப்புத் தழும்பே தெரியும்; உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம். அடிபடாத இடது தோளின் நுனியில் வலிப்பது மண்ணீரல் கசிவின் அடையாளங்களில் ஒன்று. அன்றிரவு அவரைத் தனியே விடாதீர்கள்.

வண்டியை அன்றே மீண்டும் ஓட்டுவதற்கு முன், ஹேண்டில்பார் முன்சக்கரத்தோடு நேர்கோட்டில் உள்ளதா, டிஸ்க் வளைந்துள்ளதா, பிரேக் லீவர்களில் விரிசல் உண்டா, ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். பின்பு இன்ஜின் அணைந்த நிலையில் ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகிக் கையை விடுங்கள். ஹேண்டில்பாரை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்பி வைத்தும் அதையே செய்யுங்கள். மூன்று நிலைகளிலும் அது தானே சட்டென்று திரும்பி வராவிட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தரையில் மோதிய ஹெல்மெட், பார்வைக்குப் புதிதுபோல் இருந்தாலும், உள்ளே இருக்கும் நுரைப்பகுதி ஒருமுறை நசுங்கினால் மீண்டும் தாங்காது என்பதால், அதை வேறு யாரும் எடுத்து அணிந்துவிடாதபடி வாரை அறுத்து எறிந்துவிடுங்கள்.