டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பியபின் மாத்திரை நடுவில் நின்றுபோகாமல் இருக்க

பக்கவாதமோ மாரடைப்போ வந்து அரசு மருத்துவமனையில் சேர்ந்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது சில நாளைக்கான மாத்திரைதான் கையில் வரும். அது தீர்வதற்குள் அவர் பெயர் ஊர்த் துணை சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் ஏறிவிட வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் பெரியாஸ்பத்திரி வார்டிலிருந்து ஊர் நர்ஸுக்குத் தகவல் தானாகப் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டோடு நீங்கள்தான் போக வேண்டும்.

முதல் வேலை வார்டிலேயே இருக்கிறது. அந்தச் சீட்டை, அதாவது டிஸ்சார்ஜ் சம்மரியை, மடித்துப் பையில் போடாமல், நர்ஸ் முன்னாலேயே ஒருமுறை படித்துக் கேளுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள். ‘1-0-1’ என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. ‘ரிவ்யூ’ (மறுபடி வந்து காட்டுவது) என்று மட்டும் இருந்தால் போதாது, சிறப்பு ஓ.பி. பல இடங்களில் தினமும் நடக்காது, கிழமையும் அறை எண்ணும் எழுதி வாங்குங்கள். ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் இருந்தால் எதுவரை போட வேண்டும் என்று கேளுங்கள். ‘உடம்பு தேறிவிட்டது’ என்று வீட்டில் முதலில் நிறுத்துவது இவற்றைத்தான்.

அடுத்த சிக்கல் வீட்டில் இருக்கும் பழைய மாத்திரை டப்பா. அரசு அட்டையில் ‘அம்லோடிபின்’ என்று பிரஷர் மருந்தின் பெயர் இருக்கும். கடையில் வாங்கிய அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும், அதே அம்லோடிபின் பொடி எழுத்திலும் இருக்கும். இரண்டும் வேறு என்று இரண்டையும் போட்டால் பிரஷர் தாழ்ந்து, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவார். டப்பாவையே வார்டுக்குக் கொண்டுபோய்க் காட்டி, வேண்டாததை அங்கேயே ஒதுக்கிவிடுங்கள்.

இன்சுலின் எழுதியிருந்தால் குப்பியையும் ஊசியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குப்பியில் 40 (ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட்) என்றிருந்தால் சிவப்பு மூடி ஊசி. 100 என்றிருந்தால் ஆரஞ்சு மூடி. மாறிப்போனால் கணக்கே கவிழ்ந்துவிடும். 20 யூனிட் சொல்லியிருக்க, 40 குப்பியில் ஆரஞ்சு ஊசியை விட்டு 20 கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். 100 குப்பியில் சிவப்பு ஊசியை விட்டால் 50 யூனிட் போய்விடும்; இதில் உயிருக்கே ஆபத்து. ஊசி வாங்க வேறு யாரையாவது கடைக்கு அனுப்பினால் காலி குப்பியைக் கொடுத்தனுப்புங்கள். திறக்காத குப்பியை ஃபிரிட்ஜ் கதவுப் பக்கம் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று நாளில் சம்மரியின் நகல், ஆதார், செல் நம்பர் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். உங்கள் தெருவுக்கு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் யார் என்று கேட்டு அவர் நம்பரையும் வாங்குங்கள். நோயாளி படுத்த படுக்கை என்றால் மாத்திரையோடு நிறுத்தாதீர்கள். இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) தருபவரும், வலி, வேதனையைக் குறைத்துப் பராமரிக்கும் நோய்த்தணிப்பு செவிலியரும் இதே திட்டத்தில் வீட்டுக்கு வருவார்கள். தனித்தனியாகக் கேட்டுப் பதியுங்கள், கேட்காவிட்டால் விடுபடும். அவர்கள் வரும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். குதிகாலும் இடுப்பின் பின்புறமும் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

பதிவு தாமதமானால் ஆரம்ப சுகாதார நிலைய ஓ.பி.யில் சம்மரியைக் காட்டி மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். அங்கே அந்த மருந்து இல்லை என்றால் மாற்று எது என்று டாக்டரையே கேளுங்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் ‘இல்லை’ என்றதும் திரும்பிவிட வேண்டாம். சந்தேகம் கேட்க 104.

வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம்; ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே 108. அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், டாக்டர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.