முதலில் குளிக்கிறவர்களை எண்ணுங்கள்

பம்பாயில் கல்யாணம் நிச்சயமானதும் எல்லாரும் ஹால் பார்க்கத்தான் கிளம்புவார்கள். மூத்த மகளுக்கு நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். செம்பூரில் ஏசி, பார்க்கிங், வாசலில் அகலப் படிக்கட்டு எல்லாம் பார்த்து மயங்கி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தோம். முகூர்த்தம் ஏழரை மணிக்கு. காலை ஷிப்டுக்குக் கதவு திறப்பதே ஏழு மணிக்குத்தான் என்று ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருந்தது. பின்பக்கத்தை யார் படித்தோம்?

ஊரில் மண்டபம் என்றால் முதல்நாள் மத்தியானமே சாவி கைக்கு வந்துவிடும். பெண் அழைப்பு, ராத்திரிப் பந்தி, பாய் விரித்துத் தூக்கம், விடியற்காலை வெந்நீர் எல்லாம் அங்கேயே. இங்கே பல ஹால்கள் அரைநாள் கணக்கில்தான் கிடைக்கும். அதனால் ஊரிலிருந்து வந்த 42 பேரும் எங்கள் ஒரு படுக்கையறை வீட்டிலும் எதிர் வீட்டிலுமாகப் படுத்தார்கள். கட்டடத்தில் தண்ணீர் வருவது காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை. பாளையங்கோட்டைப் பெரியத்தை பட்டுப்புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் செம்போடு வரிசையில் நின்றவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏட்டி, தாலி கட்டுததுக்குள்ள எனக்கு ஒரு செம்புத் தண்ணி கெடைக்குமா?"

இளையவளுக்கு, மாப்பிள்ளை முடிவான அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் மூன்றே கட்டம். ரயிலில் வந்து இறங்குகிறவர்கள். இவர்களுக்குப் படுக்கையும் குளியலும் வேண்டும். பம்பாயிலேயே இருந்து காலையில் வருகிறவர்கள். இவர்களுக்கு டிபனும் சாப்பாடும் போதும். மூன்றாவது, ரிசப்ஷனுக்கு மட்டும் தலைகாட்டும் ஆபீஸ், சொசைட்டி ஆட்கள். மொத்தம் எத்தனை பேர் என்று ஒரே எண்ணாகப் போட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்களுக்கு முதல் கட்டத்தில் 58 பேர். பத்துப் பேருக்கு ஒரு குளியலறை என்று வைத்தால் ஆறு வேண்டும். இந்த ஆறைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஹால் தேடினேன்.

தேடியதில் கிடைத்தது காட்கோபரில் குஜராத்திக்காரர்களின் வாடி, அதாவது சமூகச் சத்திரம் ஒன்று. அலங்காரம் சுமார்தான். ஆனால் கீழே ஹால், மேலே வரிசையாக அறைகள், பின்னால் பெரிய சமையற்கட்டு. முதல்நாள் மாலையே சாவி கொடுப்பார்கள். அதை எழுதியே வாங்கிக்கொண்டேன். ஹோமத்துக்குத் தீ மூட்டலாமா, வெளிச் சமையல்காரரைக் கொண்டுவந்தால் ராயல்டி என்று தனியாகப் பணம் கேட்பார்களா, மிச்ச அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும், இதெல்லாம் பணம் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டியவை. இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். மெல்லிசை வைக்கிறவர்கள் அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இத்தனை கேட்டவள் ஒன்றைக் கேட்காமல் விட்டேன். அது ஜைனர்களின் வாடி. மண்ணுக்கடியில் விளைகிற எதுவும் அடுப்பில் ஏறக்கூடாது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் மறுவீட்டு விருந்துக்குச் சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பு வைக்காமல் மாப்பிள்ளை வீட்டாரை அனுப்ப முடியுமா? உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம் இல்லாத சொதி. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் இல்லை. சமையலுக்கு வந்த தவசிப்பிள்ளை விஷயத்தைக் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்பம் தேங்காப்பாலத்தான் குடிக்கணும்" என்றார். கடைசியில் சொதி மட்டும் எங்கள் வீட்டில் கொதித்து, இரண்டு தூக்குப் போணியில் மறுவீட்டுப் பந்திக்குப் போனது.

நாள் குறிக்கும்போது ஜோசியரோடு பம்பாயையும் கலந்துகொள்ள வேண்டும். ஆடி, புரட்டாசி, மார்கழியை நம்மவர்களே தள்ளிவிடுவார்கள். ஆனியில் மழை கொட்டும். ஆவணியில் பெரும்பாலும் பிள்ளையார் சதுர்த்தி வரும். லால்பாக், பரேல் பக்கம் வண்டி நகராது. தையும் மாசியும்தான் இந்த ஊருக்குத் தோது. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளின் பரீட்சை அப்போதுதான் வரும், அத்தை மாமாக்கள் முகம் சுளிப்பார்கள். என்ன செய்ய?

நாள் முடிவானதும் காலண்டரில் இன்னொரு தேதியையும் வட்டமிடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாள் இருந்தது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பயணம். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால்தான் டிக்கெட். ஊர்க்காரர்கள் "பாத்துக்கிடலாம்" என்பார்கள். நம்பாதீர்கள். வயது, பெயர் எல்லாம் வாங்கி நாமே போட்டுவிடுவது நல்லது. திரும்புகிற டிக்கெட்டை மறுவீட்டுக்கு அடுத்த நாளுக்குப் போடுங்கள், படுக்கைக் கணக்கு அதற்குத் தக்கபடி ஒரு ராத்திரி கூடும்.

மாலை, உதிரிப்பூ, வாழையிலைக்கெல்லாம் மாட்டுங்கா இருக்கிறது. ஸ்டேஷனுக்கு வெளியே தமிழிலேயே பேரம் பேசலாம். பட்டு, நகை பற்றி நான் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை.

கல்யாணப் பதிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மகாராஷ்டிரத்தில் கல்யாணமான 90 நாளுக்குள் வார்டு ஆபீஸில் பதிய வேண்டும். மூன்று சாட்சிகள், பத்திரிகை, போட்டோ, கூடவே கல்யாணம் செய்துவைத்த ஐயரின் கையெழுத்தும் கேட்பார்கள். பத்திரிகையில் பெயர் ஆதாரில் இருக்கிறபடியே இருக்கட்டும். மூத்தவளுக்கு ஊரிலிருந்து வந்த ஐயர் சாப்பிட்ட கையோடு ரயில் ஏறிவிட்டார். படிவம் கூரியரில் திருநெல்வேலி போய்த் திரும்பி வர மூன்று வாரம் ஆனது. இளையவளுக்கு, ஐயர் இலையில் உட்காரும் முன்பே பேனாவோடு போய் நின்றேன்.