உப்புத் தண்ணீர் ஊரில் நத்தை வளர்க்க

மீன்தொட்டியில் நத்தை விட்டால் தண்ணீர் மாற்றவே வேண்டாம் என்று சொல்லி விற்கிறார்கள். நம்பாதீர்கள். கண்ணாடியில் படியும் பாசி, மீன் விட்டுவைத்த தீனி, அழுகிய இலை ஆகியவற்றை நத்தை தின்னும். தின்றதைத் தண்ணீரிலேயே கழிக்கும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுவது நம் வேலைதான். தண்ணீரே பச்சையாகிவிட்டால் வெயிலையும் தீனியையும் குறையுங்கள்.

எங்கள் தேவிபட்டினம் பக்கம் முதல் சிக்கலே தண்ணீர். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் எடுத்து, ஒரே ஒரு நத்தையை விட்டு ஓர் இரவு பாருங்கள். ஓட்டின் வாயிலுள்ள மூடியைத் திறந்து ஊர்ந்தால் சரி. இறுக மூடியே கிடந்தால் மழைத்தண்ணீர் கலக்க வேண்டும். நீளக் கூம்பு போன்ற ட்ரம்பெட் நத்தை லேசான உப்பைத் தாங்கும். மணலுக்குள் புகுந்து அதைக் கிளறியும் விடும்.

கேன் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு நேர்மாறான தொல்லை. அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. ஓடு வெளுத்துக் குழி விழும். இதற்கு நம் கடற்கரையிலேயே மருந்து ஒதுங்குகிறது: கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டாலும் கிடைக்கும். தினம் தண்ணீர் மாற்றி, உப்புப் போகும்வரை ஊறவைத்து, விரல் அளவு துண்டு போட்டால் போதும். மெதுவாகக் கரையும். பவளத் துண்டு எடுக்கவே எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாப் பவளங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, அவை அங்கேயே இருக்கட்டும்.

40 லிட்டர் தொட்டிக்கு நாலைந்து நத்தை தாராளம். ஆப்பிள் நத்தை அழகுதான், ஆனால் இளம் செடிகளை மொட்டையடித்துவிடும். அல்லி வைத்த தொட்டிக்குக் குட்டி போடும் மூடி நத்தைதான் என் தேர்வு. முட்டையாக இட்டுப் பெருகாது. ஆடு மாடு இறங்கும் கண்மாயிலிருந்து மட்டும் பொறுக்கி வராதீர்கள். கால்நடையைத் தாக்கும் தட்டைப்புழுக்கள் நத்தைக்குள்தான் வளர்கின்றன. தெரிந்தவர் தொட்டியிலிருந்து வாங்குங்கள்.

மீனுக்கு மருந்து விடுமுன் சீட்டைப் படியுங்கள். தாமிரம் கலந்த மருந்தில் நத்தை செத்துவிடும். அசையாத நத்தையை எடுத்து முகர்ந்து பாருங்கள். நாற்றம் வந்தால் உடனே தூக்கிப் போடுங்கள், ஒன்று அழுகினாலே தண்ணீர் கெடும்.

நத்தை பெருகுகிறதென்றால் தீனி மிஞ்சுகிறது என்று பொருள். தீனியைக் குறைத்து, இரவில் ஒரு வெள்ளரித் துண்டு போடுங்கள். காலையில் அதில் மொய்த்திருப்பவற்றை அப்படியே எடுத்துவிடலாம். எடுத்ததை ஊருணியில் கொட்டாதீர்கள். கடை நத்தை எந்த நாட்டுச் சரக்கென்று யாருக்கும் தெரியாது, ஊருணியோ ஊரே குடித்த தண்ணீர். நசுக்கிக் கோழிக்குப் போடுங்கள், ஓட்டோடு தின்றுவிடும்.