பச்சையாகச் சாப்பிடும் காய்கறிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லெட்யூஸ் இலையின் நடுநரம்பைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெட்டிய இடத்தில் பால் போல ஒரு துளி கசியும். சத்துள்ள சாறு அது. முழு இலையின் மேல் தின்ன ஒன்றும் கிடைக்காமல் கிடக்கும் பாக்டீரியா, இந்த வெட்டுவாயில் மளமளவென்று பெருகும். காய்கறியை முதலில் நறுக்கி, அப்புறம் கழுவுவது தவறு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. முழுசாகக் கழுவுங்கள், ஈரம் போகத் துடையுங்கள், பிறகு நறுக்குங்கள்.

தோலைத்தான் சீவப் போகிறோமே என்று வெள்ளரியைக் கழுவாமல் விடுவதும் இதே தவறுதான். தோலில் இருப்பது கத்தியில் ஏறும், கத்தியிலிருந்து சதைக்குப் போகும். இலைகளை ஒரே பாத்திரத்து நீரில் மொத்தமாக அமுக்கி எடுத்தால், ஓர் இலையில் இருந்த கிருமி எல்லா இலைக்கும் பரவிவிடும். குழாய் நீரை ஓடவிட்டு ஒவ்வோர் இலையாகத் தேய்த்துக் கழுவுவதுதான் சரி. சோப்பு வேண்டவே வேண்டாம், காய்கறி அதை உறிஞ்சிக்கொள்ளும்.

இவ்வளவு செய்தாலும் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். கழுவுவது கிருமிகளைக் குறைக்குமே தவிர, ஒழிக்காது. இலைத்துளைகளுக்குள்ளும் வெட்டுக் காயங்களிலும் புகுந்துகொண்ட பாக்டீரியாவை நீர் எட்டாது. சில பாக்டீரியாக்கள் பசை போன்ற படலத்தைப் போர்த்திக்கொண்டு இலையோடு ஒட்டிக்கிடக்கும். உப்பும் வினிகரும் ஓரளவு உதவலாம், அவ்வளவுதான்.

இப்படித் தங்கிவிடும் கிருமிகளின் ஆன்டிபயாடிக் எதிர்ப்புத்திறனை, அதாவது அந்த மருந்துக்குச் சாகாமல் தப்பிக்கும் திறனைப் பற்றிய தவறான எண்ணங்கள்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகின்றன. மருந்துக்குச் சாகாத கிருமி நெருப்புக்கும் சாகாது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. நன்றாக வேகவைத்தால் அதுவும் மற்ற கிருமிகளைப் போலவே செத்துவிடும். ஆனால் சாலட்டை நாம் வேகவைப்பதில்லையே!

இன்னொரு எண்ணம், ‘நோய் தராத பாக்டீரியாதானே, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்பது. ஆன்டிபயாடிக் கொடுத்து வளர்த்த கால்நடைகளின் சாணம், கழிவுநீர் கலந்த பாசன நீர் இவற்றின் வழியாக, இந்த எதிர்ப்புத்திறனைத் தரும் மரபணுக்கள் வயலுக்கு வருகின்றன. அவற்றில் பல, பிளாஸ்மிட் எனப்படும் சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருக்கும். ஒரு பாக்டீரியா இன்னொன்றைத் தொட்டு அந்த வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும். வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும். இலையோடு குடலுக்குள் போன சாதுவான பாக்டீரியா அங்குள்ள ஈகோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கு அதைத் தரலாம். காய்ச்சலோ வலியோ இல்லாமல் மாதக்கணக்கில் அது அங்கேயே இருக்கும். பின்னொரு நாள் அதே ஈகோலை சிறுநீர்ப் பாதையில் தொற்றை உண்டாக்கும்போதுதான், வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை வேலை செய்யவில்லை என்று தெரியவரும். அந்த நோயாளிக்கு என்றைக்கோ சாப்பிட்ட சாலட் நினைவில்கூட இருக்காது.

நோய் தரும் கிருமியிடமே எதிர்ப்புத்திறனும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை 2011இல் ஜெர்மனி பார்த்தது. ஓ104:எச்4 என்ற ஈகோலை வகையால் கிட்டத்தட்ட 4,000 பேர் நோயுற்றார்கள். 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அது மசியவில்லை. முதலில் ஸ்பெயின் வெள்ளரிமேல் பழி விழுந்தது, விவசாயிகள் பெரும் நஷ்டப்பட்டார்கள். கடைசியில் முளைகட்டிய வெந்தயம்தான் காரணம் என்று தெரிந்தது. முளைகட்டும் வெதுவெதுப்பும் ஈரமும் விதைக்கு எவ்வளவு பிடிக்குமோ, அவ்வளவு பாக்டீரியாவுக்கும் பிடிக்கும். விதையின் இடுக்கிலேயே கிருமி இருப்பதால் கழுவிப் பயனில்லை. கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள், உடலின் நோய் எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள் முளைகட்டிய எதையும் பச்சையாகச் சாப்பிடவே கூடாது, வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

இயற்கை முறையில் விளைந்தது என்பதற்காகக் கழுவாமல் சாப்பிடுவதும் தவறுதான். மக்காத சாணத்தை இட்டால், மண்ணில் படும் விளைச்சலை 120 நாள் கழித்தே அறுவடை செய்ய வேண்டும் என்று அமெரிக்க இயற்கை வேளாண் விதியே சொல்கிறது.

நறுக்கிய சாலட்டை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கட்டும். அதற்காக நாள்கணக்கில் உள்ளே வைத்துவிடவும் கூடாது. லிஸ்டீரியா என்ற நோய் தரும் பாக்டீரியா அந்தக் குளிரிலும் வளரும்.

சாலட் சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்தால், வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். காரணம், ஷிகா என்ற நச்சைச் சுரக்கும் ஈகோலை வகையாக இருந்தால், சில ஆன்டிபயாடிக்குகள் அந்த நச்சை இன்னும் அதிகமாக வெளிவரச் செய்யும். சிறுநீரகம் பழுதாகும் ஆபத்து கூடும். நீரும் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் குடித்துக்கொண்டே இருங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.