பயிர்க் காப்பீட்டுக்கும் வருமான உதவிக்கும் மனுக் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பாலசமுத்திரம் பக்கத்திலிருந்து நான்கு இளைஞர்கள் ஒரு மனுவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார்கள். நான்கு பேரும் பழனி மலையடிவாரத்தில் நெல்லும் மக்காச்சோளமும் போடுகிறவர்கள். ஒரே தாளில் முன்னும் பின்னுமாகப் பதினேழு கோரிக்கைகள் இருந்தன: பயிர்க் காப்பீட்டு இழப்பீடு, ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் வருமான உதவி, கடன் தள்ளுபடி, காட்டுப்பன்றியைச் சுட அனுமதி, வரதமாநதி அணையைத் தூர் வாருவது, கடைசியாக ஊருக்குக் காலையில் ஒரு பேருந்து. அத்தனையும் மாவட்ட ஆட்சியர் ஒருவருக்கே. எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய முதல் மனுவும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது; பேருந்துக்குப் பதிலாக அதில் சுடுகாட்டுப் பாதை கேட்டிருந்தேன்.

பெயரில் எழுத்துப் பிழை, கையொப்பம் விடுபட்டது, வங்கிக் கணக்கு எண் மாறியது போன்றவற்றை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை மனு வாங்குகிற இடத்திலேயே சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

யார் கையில் எது இருக்கிறது என்று பார்க்காமல் கேட்பது

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் வந்தது. உணவு தானியங்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் காரிஃப் பருவத்தில் (தென்மேற்குப் பருவமழையில் விதைப்பது) காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபி பருவத்தில் (அதற்குப் பிந்தைய விதைப்பு) 1.5 சதவீதம், தோட்டக்கலைப் பயிர்களுக்கும் வணிகப் பயிர்களுக்கும் 5 சதவீதம் என்று விவசாயி கட்ட வேண்டிய பிரீமியத்தை மத்திய அரசு வகுத்திருக்கிறது. மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன. எந்தப் பயிருக்கு எந்தப் பகுதியில் காப்பீடு உண்டு என்பதை மாநில அரசு ஒவ்வொரு பருவத்துக்கும் அறிவிக்கை போட்டுச் சொல்கிறது. ஏக்கருக்கு எவ்வளவு காப்பீட்டுத் தொகை என்பது, பெரும்பாலும் மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு அந்தப் பயிருக்கு நிர்ணயிக்கும் கடன் அளவையொட்டி, அதாவது ஏக்கருக்கு எவ்வளவு பயிர்க்கடன் கொடுக்கலாம் என்ற அளவையொட்டி அமைகிறது.

ஆகவே பிரீமியத்தைக் குறைக்கச் சொல்லி ஆட்சியரிடம் கேட்டால், அந்தத் தாள் "தக்க நடவடிக்கைக்காக" மேலே போய்ச் சேரும், திரும்பி வராது. அதே ஆட்சியர் அலுவலகத்தில், சாகுபடிச் செலவுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, மக்காச்சோளத்துக்கான கடன் அளவை உயர்த்துங்கள் என்று அந்தக் குழு கூடுவதற்கு முன்பு கேட்டால், பதில் சொல்லியே ஆக வேண்டிய ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். விதை, உரம், மருந்து, களை எடுக்கும் கூலி, அறுவடை இயந்திர வாடகை என்று ஒரு பக்கத்துக்குக் கணக்கு எழுதினால் போதும். முழக்கத்துக்கு அந்தக் குழுவில் இடமில்லை, கணக்குக்கு உண்டு.

மலைமேல் எழுதிய மனுவைக் கீழே நகலெடுப்பது

அந்தப் பதினேழில் ஒன்பதாவது கோரிக்கை, "5 சதவீதப் பிரீமியத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும்" என்பது. நெல்லுக்கு 1.5 சதவீதம் கட்டுகிறவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கொடைக்கானல் மலையில் பூம்பாறைப் பக்கம் மலைப்பூண்டு போடும் உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மனுவைப் பார்த்து எழுதினார்களாம். பூண்டு தோட்டக்கலைப் பயிர், அவருக்கு அந்தக் கோரிக்கை நியாயமானது. இவர்களுடைய மனுவில் அது இருந்தால், வாசிக்கிற அலுவலர் மற்ற பதினாறையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்.

கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்ததில் கைவிட்டுப் போன 72 மணி நேரம்

இந்தத் தவறை நானே செய்தேன் என்பதால் இன்னும் ஆறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாத வியாழக்கிழமை இரவு பதினொரு மணி வாக்கில், மலையிலிருந்து இறங்கும் ஓடை கரையை உடைத்துக்கொண்டு எங்கள் பக்கத்து மக்காச்சோளக் காடுகளுக்குள் புகுந்தது. பதினான்கு பேருடைய நிலம், மொத்தம் இருபத்து மூன்று ஏக்கர். காலையில் போய்ப் பார்த்தபோது தட்டை எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தது. கதிர் பால் பிடித்து முற்றும் பருவம். இரண்டு நாள் தண்ணீரில் கிடந்த கதிரின் தோகையை உரித்துப் பார்த்தேன். நுனியில் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்திருந்தது, அடியில் மணிகள் ஊறி நகத்தால் கிள்ளினால் மாவாகப் பிதுங்கின, புளித்த கஞ்சி வாடை அடித்தது. பதினான்கு பேரும் பிரீமியம் கட்டியிருந்தார்கள்.

நான் விவசாயிகள் சங்கத்துக்காரன் அல்லவா, உடனே சங்கத்துக்காரன் மாதிரியே யோசித்தேன். தனித்தனியாகப் போனால் மதிக்க மாட்டார்கள், ஊராகத் திரண்டு போக வேண்டும் என்று சொல்லி, வெள்ளியும் சனியும் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். பாதிக்கப்படாதவர்களும் ஆதரவாகப் போட்டதில் நூற்றுப் பத்துக் கையெழுத்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பழனியில் தட்டச்சு செய்து, திங்கள்கிழமை முதல் பேருந்தில் திண்டுக்கல் போய், மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் பதினொரு மணிக்கு மனுவைக் கொடுத்தோம். பத்திரிகையிலும் படம் வந்தது.

ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் தேங்குவது போன்ற உள்ளூர்ப் பேரிடர்களுக்கு அந்தத் திட்டத்தில் தனி ஏற்பாடு உண்டு. அவரவர் வயலைத் தனியாகப் பார்த்து மதிப்பிடுவார்கள். ஆனால் பாதிப்பு நேர்ந்த 72 மணி நேரத்துக்குள், அவரவர் பயிர், சர்வே எண், பாதித்த பரப்பு ஆகியவற்றோடு காப்பீட்டு நிறுவனத்துக்கோ வங்கிக்கோ வேளாண்மைத் துறைக்கோ கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணுக்கோ தகவல் சொல்லியிருக்க வேண்டும். எங்களுடைய கெடு ஞாயிறு இரவு பதினொரு மணியோடு முடிந்திருந்தது. பன்னிரண்டு மணி நேரத் தாமதம். அதைவிடக் கேவலம், நூற்றுப் பத்துக் கையெழுத்து இருந்த அந்த மனுவில் ஒரு சர்வே எண்கூட இல்லை.

அப்படியானால் பருவ முடிவில் மகசூல் கணக்கில் கிடைத்திருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கேதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இடறுகிறார்கள். பருவ முடிவு இழப்பீடு உங்கள் வயலைப் பார்ப்பதில்லை. அறிவிக்கை செய்யப்பட்ட வருவாய்க் கிராமம் அல்லது குறுவட்டம் (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்தது) முழுவதன் சராசரியைப் பார்க்கிறது. கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்து ஆண்டு மகசூலின் சராசரியை எடுத்து, அதில் அந்தப் பயிருக்கு நிர்ணயித்த 70, 80 அல்லது 90 சதவீதத்தை உத்தரவாத மகசூல் என்று வைக்கிறார்கள். அது எக்டேருக்கு 4,000 கிலோ என்றும், அறுவடைப் பரிசோதனையில், அதாவது சில வயல்களில் அளந்து அறுத்து எடை பார்த்ததில், 3,000 கிலோ வந்தது என்றும் வைத்துக்கொண்டால், நான்கில் ஒரு பங்கு குறைவு. காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அந்த வட்டாரத்தில் பிரீமியம் கட்டிய எல்லோருக்கும் கிடைக்கும். 4,000-ஐத் தாண்டிவிட்டால் ஒருவருக்கும் கிடையாது. எங்களை மூழ்கடித்த அதே மழை, மற்ற ஊர்களின் மானாவாரிக் காடுகளுக்கு அமிர்தமாக இருந்தது. குறுவட்டச் சராசரி உயர்ந்து நின்றது. எங்கள் இருபத்து மூன்று ஏக்கர் அதில் கடுகளவு.

ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன மனு என்ன ஆயிற்று என்றால், அது நிவாரணப் பக்கம் திரும்பிவிட்டது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி வேறு, காப்பீடு வேறு. நிவாரணத்துக்குப் பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்குமேலோ இருக்க வேண்டும். அதிகபட்சம் 2 எக்டேர் வரைதான் கணக்கு. மத்திய அரசு 2022-இல், 2025-26 வரைக்கும் என்று வகுத்த அளவுப்படி மானாவாரிக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய், பாசன நிலத்துக்கு 17,000 ரூபாய். வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் கூட்டாகக் கணக்கெடுத்து அரசு ஆணை வந்த பிறகே பணம் வரும். இரண்டையும் ஒரே தாளில் கேட்டால், நிவாரணக்காரர்கள் "காப்பீடு இருக்கிறதே" என்பார்கள், காப்பீட்டுக்காரர்கள் "நிவாரணம் கேட்டிருக்கிறீர்களே" என்பார்கள்.

அந்தப் பதினான்கு பேரில் மூத்தவர் எனக்கு மாமன் முறை. பொங்கல் கழிந்து ஒரு நாள் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "கையெழுத்து வாங்க எங்க வீட்டுக்கு மூணு தடவ வந்தியே மாப்ள, ஒரு தடவ போனைப் போட்டுக் குடுத்துருந்தா ஆயிருக்கும்ல?" அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆகவே, தண்ணீர் ஏறினால் முதலில் 14447-ஐ அழையுங்கள், அல்லது பயிர்க் காப்பீட்டுச் செயலியில் படத்தோடு பதிவு செய்யுங்கள். ஒவ்வொருவரும் தன் பெயரில், தன் சர்வே எண்ணில், உட்பிரிவு எண்ணோடு. கிடைக்கும் பதிவு எண்ணை அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று சொல்லும் கிராமக் கணக்கு) நகலின் ஓரத்தில் எழுதி வையுங்கள். ஊராகத் திரண்டு போவது அதற்குப் பிறகு. அப்போது எடுத்துப் போகும் மனுவில் கையெழுத்துப் பட்டியலுக்குப் பதிலாக, பெயர், சர்வே எண், பரப்பு, பதிவு எண் என்று நான்கு கட்டம் கொண்ட அட்டவணை இருக்கட்டும். பதினான்கு வரி அட்டவணைக்கு இருக்கும் பலம் நூற்றுப் பத்துக் கையெழுத்துக்கு இல்லை.

சோளமும் மக்காச்சோளமும்

காப்பீட்டுக்குப் பதிவு செய்யும் மையத்தில் பையன் அவசரத்தில் பட்டியலிலிருந்து "சோளம்" என்பதைத் தொட்டுவிடுவான். நிலத்தில் இருப்பது மக்காச்சோளம். நாமே பேச்சில் இரண்டையும் சோளம் என்றுதான் சொல்கிறோம், அவனைக் குறை சொல்லி என்ன பயன். அடங்கலும் காப்பீட்டு ரசீதும் வேறு வேறு பயிரைச் சொன்னால் இழப்பீடு நின்றுவிடும். ரசீதை மையத்திலேயே நின்று வாசியுங்கள்.

அறுவடைப் பரிசோதனையன்று ஊரில் இல்லாதிருப்பது

போய் நில்லுங்கள். நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுப்பார்கள், எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏக்கர் கணக்கில் வருமான உதவி கேட்பது

தெலங்கானா 2018-இல் ரைத்து பந்து திட்டத்தில் ஏக்கருக்குப் பருவத்துக்கு 4,000 ரூபாய் கொடுத்ததைக் காட்டி, இங்கும் அப்படியே வேண்டும் என்று இளைஞர்கள் எழுதியிருந்தார்கள். மத்திய அரசின் பிஎம் கிசான் திட்டம் ஏக்கரைப் பார்ப்பதில்லை, நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. ஆனால் இரண்டு திட்டங்களும் பணத்தைப் பட்டாவில் பெயர் உள்ளவருக்குத்தான் கொடுத்தன. குத்தகைக்கு உழுதவர் இரண்டிலும் இல்லை.

"உங்களில் எத்தனை பேருக்குச் சொந்த நிலம்?" என்று கேட்டேன். இரண்டு பேருக்கு இருந்தது. மற்ற இருவரில் ஒருவர் குத்தகை, இன்னொருவர் வாரம், அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து உழுகிறவர். அவருடைய நிலத்துக்காரர் கோயம்புத்தூரில் இருக்கிறார். அவர்கள் எழுதியிருந்தபடியே அரசு ஆணை வந்தால் பணம் கோயம்புத்தூருக்குப் போகும் என்பதைச் சொன்னபோது, வாரத்துக்காரத் தம்பி தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். காப்பீட்டில் குத்தகைதாரரும் வாரதாரரும் உரிய சான்றுகளோடு சேரலாம் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. அந்த விதியை எடுத்துக்காட்டி, அதே சான்றின் பேரில் வருமான உதவியிலும் சாகுபடியாளரைச் சேருங்கள் என்று கேட்பதுதான் நமக்கு உகந்தது. ஏக்கர் கணக்கு நாற்பது ஏக்கர்காரருக்கு உகந்தது.

மனு கொடுக்கும் படம்

படம் இருக்கும், ஒப்புகைச் சீட்டு இருக்காது. முதலில் சீட்டு.

காட்டுப்பன்றிச் சேதத்தைக் காப்பீட்டில் கேட்காமல் விடுவது

இத்தனை காலம் பன்றிக்கும் யானைக்கும் வனத்துறையிடம்தான் போக வேண்டியிருந்தது. காட்டு விலங்குகளால் ஏற்படும் பயிர்ச் சேதத்தையும் உள்ளூர்ப் பாதிப்பில் கூடுதல் காப்பாகச் சேர்த்து, 2026 காரிஃப் பருவத்திலிருந்து நடைமுறைக்கு வரும் என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. எந்த விலங்குகள், எந்தப் பகுதிகள் என்பதை மாநில அரசு அறிவிக்கை செய்ய வேண்டும். தகவல் சொல்ல இதற்கும் அதே 72 மணி நேரம்தான். சுட அனுமதி கேட்கிற வரியை அடித்துவிட்டு, பழனி, ஒட்டன்சத்திரம், கொடைக்கானல் வட்டங்களில் காட்டோரக் கிராமங்களைப் பெயர் சொல்லி அந்த அறிவிக்கையில் சேர்க்கும்படி வேளாண்மைத் துறைச் செயலாளருக்கு எழுதச் சொன்னேன்.

பதினேழு கோரிக்கை இப்போது மூன்று தனித்தனி மனுக்களாகியிருக்கிறது. பேருந்து நான்காவது, அதைப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அடங்கல் நகல்களோடு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள்.