கொரிய அரசிகளைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரிய சரித்திரத் தொடர்கள் தமிழ் டப்பிங்கில் வரத் தொடங்கிய பிறகு, ஜோசன் அரச வம்சக் காலத்து (1392–1897) அரசிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் கூடிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பலர் அரசியை ராஜாவின் மனைவியாக மட்டுமே பார்க்கிறார்கள். அரசி என்பது விதிமுறைகளோடு வந்த ஒரு பதவி. அதை மறந்தால் மற்ற தவறுகளும் கூடவே வந்துவிடும்.

ராஜாவின் மனம் கவர்ந்த பணிப்பெண் ஒருநாள் அரசியாகிவிடுவாள் என்று நினைப்பது முதல் தவறு. அரசியைத் தேர்ந்தெடுக்க 'கான்தேக்' என்றொரு முறை இருந்தது. முதலில் உயர்குடிப் பெண்களுக்குத் திருமணம் நடத்தக் கூடாது என்று நாடு முழுக்கத் தடை போடுவார்கள். அப்புறம் மூன்று சுற்றுத் தேர்வு. தேறிய பெண் தாய்வீடு திரும்ப முடியாது. தனி மாளிகையில் வைத்து அரண்மனை ஒழுங்கெல்லாம் கற்றுக்கொடுத்த பிறகே திருமணம். துணை மனைவியருக்கு எட்டுப் படிநிலைகள் உண்டு. அரசி அந்தப் படிகளுக்கெல்லாம் மேலே இருந்து அந்தப்புரம் முழுவதையும் நிர்வகித்தார்.

துணை மனைவி அரசியானதே இல்லையா என்றால், உண்டு. ஜாங் ஹீபின் கதை அதுதான். சுக்ஜொங் மன்னர் 1689-இல் அரசி இன்ஹியோனை நீக்கிவிட்டு ஜாங்கை அந்த இடத்தில் வைத்தார். 1694-இல் மனம் மாறி, இன்ஹியோனைத் திரும்ப அழைத்து ஜாங்கைக் கீழே இறக்கினார். இதை இரண்டு பெண்களின் சண்டையாக மட்டும் சொல்வது பெரிய அநியாயம். ஒவ்வொரு முறை அரசி மாறியபோதும் அரசவையில் ஒரு கட்சி விழுந்து இன்னொரு கட்சி ஏறியது. 1701-இல் இன்ஹியோன் நோயில் இறந்தார். அவருக்குச் சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜாங், மன்னரின் ஆணைப்படி விஷம் குடித்து மாண்டார். அதோடு, இனித் துணை மனைவி யாரும் அரசியாகக் கூடாது என்று சுக்ஜொங் விதியே போட்டுவிட்டார். அவருடைய மகன் யோங்ஜோ, முதல் அரசி இறந்த பிறகு, 1759-இல் புதுப்பெண் தேட வேண்டி வந்தது இந்த விதியால்தான். கொரியக் கணக்கில் மன்னருக்கு அப்போது வயது 66, மணமகள் ஜொங்சுனுக்கு 15.

மகள் அரசியானால் பிறந்த வீட்டுக்கு யோகம் என்பது அடுத்த தவறு. யோகம் அடித்த குடும்பங்களும் உண்டு. ஆனால் சேஜொங் மன்னரின் அரசி சோஹியோனைப் பாருங்கள். கணவர் அரியணை ஏறிய அதே 1418-இல், சோஹியோனின் தந்தை ஷிம் ஒன் கொல்லப்பட்டார். மருமகளின் குடும்பம் வலுத்துவிடக் கூடாது என்று அஞ்சிய மாமனார், முந்தைய மன்னர் தேஜொங்கின் வேலை அது. தாயை அரசாங்க அடிமையாக்கினார்கள். மகளோ அரசியாகவே தொடர்ந்தார், எட்டு மகன்களையும் இரண்டு மகள்களையும் பெற்றார். தந்தையின் பெயர் மீதிருந்த களங்கத்தை நீக்கியது 1451-இல், அவருடைய மகன் முன்ஜொங்கின் ஆட்சியில். சோஹியோன் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். அரண்மனை வாழ்க்கை என்றதும் பட்டு உடையையும் சடைக் கொண்டையையும் மட்டும் எழுதுகிறவர்கள் இவரைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதலாம்.

"அரசி திரைக்குப் பின்னால் இருந்து ஆண்டார்" என்றும் எழுதுகிறார்கள். மூங்கில் திரைக்குப் பின்னால் அமர்ந்து ஆண்டவர்கள் விதவையான அரசிகள். கணவர் உயிரோடு இருந்தவரை அந்த உரிமை கிடையாது. அடுத்த ராஜா சிறுவனாக இருந்தால், குடும்பத்தில் மூத்த விதவை அரசி ஆட்சியை நடத்துவார். மேலே சொன்ன, பதினைந்து வயதில் மணமான ஜொங்சுன், 1800-இல் சிறுவன் சுன்ஜோ மன்னனானபோது அப்படித்தான் ஆட்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டே அவர் ஆட்சியில் கத்தோலிக்கர்கள் கொடூரமாக வேட்டையாடப்பட்டார்கள். அதே ஆண்டில்தான் அரசாங்க அடிமைகள் சுமார் 66,000 பேரின் பதிவேடுகள் எரிக்கப்பட்டு அவர்கள் விடுதலையானார்கள். ஒன்றை மட்டும் சொல்லி அவரை அரக்கியாகவோ தேவதையாகவோ காட்டாதீர்கள்.

பெயர் விஷயமும் உண்டு. இன்ஹியோன், சோஹியோன், ஜொங்சுன் எல்லாம் அவர்கள் இறந்த பிறகு சூட்டப்பட்ட பட்டங்கள். உயிரோடு இருந்தபோது யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கதை எழுதினால் உரையாடலில் இந்தப் பெயர்களைப் போடாதீர்கள்.

கடைசியாக, எல்லா அரசியையும் சியோல் நகரின் கியோங்போக்குங் அரண்மனையில் குடிவைக்க வேண்டாம். 1592-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது அது எரிந்தது. 1860-களில்தான் திரும்பக் கட்டினார்கள். இடைப்பட்ட காலத்து அரசிகள் சாங்தியோக்குங் போன்ற மற்ற அரண்மனைகளில் வாழ்ந்தவர்கள். இன்று கியோங்போக்குங்கில் நீங்கள் பார்க்கும் அரசியின் மாளிகை 1990-களில் புதிதாகக் கட்டியது. 1917-இல் சாங்தியோக்குங்கில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு, கியோங்போக்குங்கில் இருந்த பழைய மாளிகையைப் பிரித்து அங்கே கொண்டுபோனார்கள். அதன் மரங்களைப் பார்க்க வேண்டுமென்றால் சாங்தியோக்குங்கில் உள்ள தேஜோஜொன் மாளிகைக்குத்தான் போக வேண்டும்.